மைக் வேண்டாத கடம்

எழுமலை கல்யாண மண்டபத்து ஜன்னல் வழியே சாயங்கால வெயில், காளவாசலிலிருந்து பஸ்ஸில் முத்துச்செல்வி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கடத்தின் மேல் விழுகிறது. "பாட்டுக்காரவுக எப்ப வருவாக தாயி?" என்கிறார் மைக்செட் கண்ணுச்சாமி. "யாரும் வரமாட்டாக அண்ணே. நான் மட்டுந்தான் கச்சேரி." "வெறும் பானையிலயா? சனம் எந்திரிச்சுப் போயிருமே! குத்துப்பாட்டு போடுறேன், கூடச் சேர்ந்து தட்டிவிடு." பின்வரிசை சிரிக்கிறது. ரெண்டு பேர் எழுந்தே விடுகிறார்கள். கூட்டம் கலைந்தால் இந்த ஊரில் அவளுக்கு இன்னொரு மேடை கிடையாது. முத்துச்செல்வி மைக்கைத் தள்ளி வைக்கிறாள். "பாட்டும் வேணாம், இதையும் எடுத்துக்கங்கண்ணே." ஓங்கி அடிப்பாள் என்று எல்லோரும் பார்த்திருக்க, விரல்நுனியால் மெல்லத் தொடங்குகிறாள். பேச்சு அடங்குகிறது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேடையருகே நெருங்குகிறார்கள். பாட்டுப் போடவா என்று கண்ணுச்சாமி மறுபடி ஆரம்பிக்கிறார். "யோவ் கண்ணுச்சாமி, வாய மூடுய்யா, ஒண்ணும் கேக்கல!" என்று ஒரு பெண் அதட்டுகிறாள். முத்துச்செல்வி நிமிரவில்லை. சத்தத்தை இன்னும் குறைக்கிறாள்.