ஒரே ஒரு சுற்று

"அண்ணாச்சி இருக்காங்களா?"

கீழேயிருந்து பிச்சையாவின் குரல் கேட்டதும் நெல்லையப்பன் துள்ளி எழுந்தார்.

மச்சில் அப்போதுதான் பொம்மைக் காரை ஓடவிட்டிருந்தார். கன்ட்ரோலரின் விசையை அமுக்கி ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டால் போதும், சிவப்புக் கார் தன்பாட்டுக்குத் தடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். இரண்டு கார்கள் பந்தயம் ஓட வேண்டிய தடம். இருந்தது ஒன்றுதான். ஒற்றைக் கார் யாரை முந்த? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் அதைப் பார்க்காவிட்டால் அவருக்கு இட்டிலி தொண்டையில் இறங்காது.

பதற்றத்தில் ரப்பர் பேண்டைக் கழற்ற மறந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

கீழே கடை. ஆரியசாலையில் ரேடியோ பழுதென்றால் நெல்லையப்பனைத்தான் கைகாட்டுவார்கள். ஞாயிறு என்பதால் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. சாலைக் கடைத்தெருவில் பருப்பு மண்டிக்குக் கணக்கெழுதும் பிச்சையா, மஞ்சள் பையோடு நின்றார்.

"வாங்க, இரிங்க."

அவர் உட்காரவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே மனுஷர் ஒரு அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு நின்றார். கப்பலில் வேலை பார்த்த மச்சினன் இவர் மகளுக்கென்று ஜப்பானிலிருந்து கொண்டுவந்த கார்ப் பந்தய செட். கறுப்புத் தடத் துண்டுகள், காரின் மூக்கு பிடித்து ஓட நடுவில் ஒரு பள்ளம், கரண்டுக்கு இரண்டு பக்கமும் பட்டைக் கம்பி. அந்த ஊர்க் கரண்டு நூறு வோல்ட். நம் வீட்டுச் சுவரில் இருநூற்று முப்பது. பருப்புக் கணக்கு எழுதுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நேரே பிளக்கில் குத்திவிட்டார். புகைந்துவிட்டது.

புகைந்தது டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். மூடியைத் திறந்ததுமே நெல்லையப்பனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் உட்கார்ந்து கம்பி சுற்றினால் சரியாகிவிடும்.

ஆனால் அந்தச் சிவப்புக் காரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார். அதோடு போயிற்று புத்தி.

எல்லாம் கரிந்து போய்விட்டது அண்ணாச்சி, இனி ஒன்றுக்கும் ஆகாது, போட்டுவிட்டுப் போங்கள் என்று வாய் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு துபாய்க்காரர்களிடமும் கப்பல்காரர்களிடமும் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் மூன்று செட் சேர்த்தார். இதன் தடம் அதில் பொருந்தாது, அதன் கார் இதில் ஓடாது. எது வந்தும் முதலாவதற்கு ஈடில்லை. தேய்ந்த டயருக்கு சைக்கிள் வால்வு டியூபை வெட்டிப் போட்டு, அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். பெட்டியில் கார் வைக்கும் குழி இரண்டு. காலிக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அரித்தது.

அதைவிட அரித்தது பிச்சையாதான். எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் அதே பேச்சு. பிள்ளைக்குக் கிடைத்ததை இந்தக் கையாலேயே எரித்துவிட்டேன் என்பார். அன்றிலிருந்து மனுஷர் ஒரு ஸ்விட்சைக்கூடத் தொட்டதில்லை. வீட்டில் ஃபேன் போட வேண்டுமென்றால் மகள் ஆவுடையைக் கூப்பிடுவார், அவள் வரும்வரை வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரே சிரிக்கும். நெல்லையப்பனும் சேர்ந்து சிரித்திருக்கிறார், பாவி.

பிச்சையா பைக்குள் கைவிட்டார்.

"ஆவுடையத் தை மாசம் நாகர்கோவில்ல கெட்டிக் குடுத்தோம்லா. அவ டிரங்குப் பெட்டிய ஒதுக்கும்போ இது கிடைச்சுது."

பச்சைக் கார்.

"ஒரு கார்தான் வந்துதுன்னு அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன் அண்ணாச்சி. பிள்ளை பிடிச்ச பிடிய விடல்ல, நான் என்ன செய்ய? பன்னெண்டு வருஷமாட்டு மனசு கெடந்து அடிக்கி. இதுல உள்ள மோட்டார் எதுக்காவது உபகாரப்படும், வச்சுக்கிடுங்க."

நெல்லையப்பனின் கை தானாக நீண்டது. நீண்ட பிறகுதான் வெட்கம் வந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா!

அப்போதுதான் மச்சிலிருந்து அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. பலகைத் தளத்தின் மேல் ஒரு நீள ரீங்காரம். வளைவு வந்ததும் ஒரு கிறீச். மறுபடியும் ரீங்காரம்.

மழை பொய்த்த வருஷம், நாளுக்கு நாலு தடவை போகிற கரண்டு. இப்போது ஒரு தடவை போகக்கூடாதா? போகவில்லை.

பிச்சையா மேலே பார்த்தார்.

"சரோஜம் மிக்சில சட்னி அரைக்கா" என்றார் நெல்லையப்பன்.

சொல்லி வாய் மூடவில்லை, உள்கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி சரோஜம் காப்பியோடு வந்து நின்றாள்.

பிச்சையா காப்பியை வாங்கி நின்றபடியே குடித்தார். அவசரப்படவில்லை. குடித்து முடிக்கிறவரை தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது.

"அன்னைக்கு ஒரே ஒரு சுத்துதான் ஓடிச்சு. வளைவுல இதே மாதிரி ஒரு கிறீச். ஆவுடை கையத் தட்டிச் சிரிச்சா. பொறவுதான் புகை."

நெல்லையப்பன் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டார்.

பிச்சையா பச்சைக் காரை மேசைமேல் வைத்தார். "ரெண்டும் சேர்ந்து ஓடட்டும். நான் வாறேன்."

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஸ்விட்ச் போர்டு. அதன் முன்னால் நின்றார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டி ஒரு ஸ்விட்சை அமுக்கினார்.

கடை பல்ப் எரிந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

அவர் போய்விட்டார். பட்டப்பகலில் பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. சரோஜம் அணைக்கச் சொல்லி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். நெல்லையப்பனுக்குக் கை போகவில்லை.