கைத்தோலில் பிறந்த துடிப்பு

படகு மெக்கானிக் சூசைமிக்கேலின் இதயத்தில் பாதி செயலற்றுப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சை என்றாலே மனைவி ஃபிலோமினாவிடம் எரிந்து விழுந்தார். "இனிமே ஒட்டுப்போட்டு என்ன ஆகப்போவுது? விட்டிரு."

அன்று காலை ஆய்வக ஊழியர் பர்வீன் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து நுண்ணோக்கியின் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"உங்க கையில நகம் அளவு தோல் எடுத்தோம்ல அண்ணாச்சி? அந்தச் செல்களத்தான் இதயச் செல்களா மாத்தி வளர்த்திருக்கோம். இதத்தான் உங்க இதயத்துல வச்சுத் தைக்கப்போறோம்."

சூசை வேண்டாவெறுப்பாகக் குனிந்து பார்த்தார். கண்ணாடித் தட்டில் செல்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் துடித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் தனித்துக் கிடந்த ஒன்று மெல்ல நீண்டு பக்கத்துச் செல்லைத் தொட்டது. சற்று நேரம் இரண்டும் தடுமாறின. பிறகு ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கின.

"யாரும்மா இதுக்குச் சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லித்தரல அண்ணாச்சி. உயிருள்ளதுல்லா, அதுக்கே தெரியுது."

முப்பது வருடம் எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவர் அவர். யாரும் முடுக்காமல் தானாக ஓடும் ஒன்றை இன்றுதான் பார்த்தார். வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு வாசலில் நின்ற மனைவியைக் கூப்பிட்டார்.

"ஃபிலோ, ஆப்பரேசனுக்கு நாள் குறிக்கச் சொல்லு. அதுக்கு முன்ன இங்க வந்து, இந்தத் தட்டுல நான் எப்படி உழைக்கேன்னு பாரு."