வெள்ளைக் கட்டத்துக்குக் கீழே

"போட்டோ அனுப்பாதே, போட்டோ அனுப்பாதேன்னு எத்தனை தடவை சொல்றது தம்பி? என் மெஷின்ல இருக்கறது மை இல்ல, கத்தி! அதுக்குக் கோடு வேணும்."

கிராம ஆபீஸ் கிளார்க் பிரப்தோவிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

கத்தாமல் என்ன செய்வது? நேற்றுதான் சுராபாயா நகரத்திலிருந்து வந்த ஊர் ஆம்புலன்ஸ் என் ஸ்டிக்கர் கடை வாசலில் நிற்கிறது. ஜும்மா தொழுகை முடிந்ததும் திறப்பு விழா. கதவில் ஒட்ட வேண்டிய லோகோவை இவன் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருக்கிறான். பெரிசாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகிறது.

"பேனருக்காகக் கோரல்ல வரைஞ்ச ஃபைல் இருக்கு ருஸ்தினி அக்கா. அதை அனுப்பட்டுமா?"

"அதைத்தானே காலைலேர்ந்து கேக்கறேன்! எழுத்தையெல்லாம் கோடா மாத்தி அனுப்பு. உன் கம்ப்யூட்டர்ல இருக்கற எழுத்து என்கிட்ட இருக்காது."

ஐந்து நிமிடத்தில் வந்தது. இரண்டு கைகள், நடுவில் ஒரு இதயம், கீழே 'கராங்சாரி கிராம ஆம்புலன்ஸ்'. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

வெட்டுவதற்கு முன்னால் நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கோட்டை மட்டும் திரையில் ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். அன்றைக்குப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு கத்மி அக்கா வந்துவிட்டாள்.

"நாளைக்கு பாக் சரிஜோ வீட்டுக்குப் போறியா, இல்லையாடி?"

பாக் சரிஜோ, அதாவது சரிஜோ ஐயா, சோயாவில் தோஃபு செய்யும் பட்டறைக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஊரில் கல்யாணச் சமையலுக்குக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. முதல் நாள் விடியும்போதே தெருப் பெண்கள் போய் அடுப்படியைப் பிடித்துக்கொள்வோம். நாங்கள் போகாவிட்டால் வந்த சம்பந்திகளுக்கு முன்னால் அந்த மனுஷன் தலை நிமிர முடியாது.

"போகமாட்டேன். நீங்களும் போகக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே பட்டனைத் தட்டினேன். மெஷின் பச்சை ஷீட்டை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"பாவம்டி, தாயில்லாத பொண்ணு."

"பொண்ணு மேல எனக்கென்ன கோவம்? ஆம்புலன்சுக்கு ஸ்ட்ரெச்சர் வாங்கணும்னு வீடு வீடா ஏறி இறங்கினோமே, அந்தாளு என்ன சொன்னாரு? 'கைல ஒண்ணும் இல்லம்மா'ன்னு வாசலோட அனுப்பிட்டாரு. போன மாசம்தான் டெலிவரி வண்டியை வித்தாரு. அந்தக் காசெல்லாம் எங்க போச்சாம்? பூதம் காக்குதா?"

"இப்ப மோட்டார் சைக்கிள்ல கூடையைக் கட்டிக்கிட்டுத்தான் தோஃபு கொண்டுபோறாரு. இந்த வயசுல..."

"கஞ்சத்தனம் படுத்தற பாடு! யாரோ ஒரு புண்ணியவான் முழு வேனையே வாங்கிக் கொடுத்திருக்காரு. பேரைக்கூடச் சொல்லலை. பள்ளிவாசல் மைக்குல 'அல்லாஹ்வின் அடியார் ஒருவர்'னுதான் அறிவிச்சாங்க. அவரும் மனுஷன், இவரும் மனுஷன். நாளைக்குத் தேங்காயை இவரே துருவட்டும், ரெண்டாங் கறியை இவரே கிளறட்டும். அப்பதான் புத்தி வரும்."

கத்மி அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு, மற்ற வீடுகளில் சொல்லக் கிளம்பினாள். என் பேச்சுக்குத் தெருவில் ஒரு மதிப்பு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மெஷின் நின்றது. ஷீட்டை மேஜையில் விரித்து, இடுக்கியால் வேண்டாத பாகத்தை உரிக்க ஆரம்பித்தேன். கைகள் வந்தன. இதயம் வந்தது. ஊர்ப் பெயர் வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனால் கத்தி அங்கேயும் போயிருந்தது. நீளமாக ஒரு கட்டம். கட்டத்துக்குள் பொடிப்பொடியாக எழுத்து.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாத வரியை அழிக்கச் சோம்பேறித்தனப்பட்டு, மேலே ஒரு வெள்ளைக் கட்டத்தைப் போட்டு மறைத்திருக்கிறான். பேனரில் அது தெரியாது. கத்திக்கு மேல் கீழ் தெரியுமா? கோடு எங்கே இருந்தாலும் வெட்டிவிடும்.

போனைப் போட்டேன். "வெள்ளைக் கட்டத்துக்கு அடியில என்னடா ஒளிச்சு வச்சிருக்கே?"

அந்தப் பக்கம் பிரப்தோ பதறினான்.

"ஐயையோ அக்கா! கொடுத்தவர் பேரை ஊர்த் தலைவர் ஆசைப்பட்டுப் போடச் சொன்னாரு. பேனர் அடிக்கறதுக்குள்ள கொடுத்தவரே வந்து, 'என் பேரை எடு, யாருக்கும் தெரியக் கூடாது'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவசரத்துல மறைச்சேன், அழிக்க மறந்துட்டேன். தயவுசெஞ்சு படிக்காதீங்க!"

"படிக்காம எப்படிடா உரிக்கறது?"

ஷீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.

'அன்பளிப்பு: தோஃபு பட்டறை சரிஜோ.'

வண்டியை வித்த காசு எங்கே போனது என்று புரிந்தது. ஆம்புலன்சாக என் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இடுக்கியை எடுத்து, அவர் பெயரை ஒரு எழுத்து விடாமல் உரித்து, சுருட்டிக் குப்பையில் போட்டேன். லோகோவைக் கதவில் ஒட்டிவிட்டு கத்மி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நாளைக்கு எல்லாரும் பாக் சரிஜோ வீட்டுக்குப் போறோம். விடியறதுக்கு முன்னாடியே."

"என்னடி இது? இப்பதான் ஆறு வீட்ல வேண்டாம்னு சொல்லிட்டு வரேன்! அதுக்குள்ள என்ன ஆச்சு உனக்கு?"

வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

"ஏன்டி பேச மாட்டேங்கறே? அந்தக் கஞ்சன் உனக்கு ஏதாவது கொடுத்து வாயை அடைச்சுட்டானா? தெருவுல கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

"ஆமாக்கா. ஒரு கூடை தோஃபு ஓசியா கொடுத்தாரு, ருஸ்தினி பல்லை இளிச்சுட்டான்னு சொல்லுங்க."