வெயிலில் தெரியாத பொறி

பென்னாகரம் ரோட்டில் குப்புராஜின் பழைய மோட்டார் சைக்கிள் மறுபடியும் டப்பென்று வெடித்து நின்றுபோகிறது. பின்னால் கேரியரில் ஒகேனக்கல் மீன். மாப்பிள்ளை விருந்துக்குப் போக வேண்டியது, ஐஸ் கரைந்து சொட்டுகிறது. பொறி வருகிறதா என்று பார்க்க, கழற்றிய ஸ்பார்க் பிளக்கை ஒயரோடு எஞ்சினில் ஒட்டிப் பிடித்திருக்கிறாள் அவன் மனைவி ராணியம்மாள். அவன் கிக்கரை உதைக்கிறான். வெயிலில் பொறி தெரியவில்லை. ரோட்டுக்கு ஜல்லி சுமக்கிற நான் கூடையை இறக்கிவிட்டு, என் துண்டை விரித்து நிழல் பிடிக்கிறேன். “நீலமா வருதா, செவப்பா வருதா புள்ள?” என்கிறான் குப்புராஜ். “ஒண்ணும் வரலீங்க. மீன் நாறிப்போனா வாங்க மாட்டாங்க, சுருக்கா உதைங்க.” உதைக்கிறான். “ஐயோ!” என்று கையை உதறித் துள்ளுகிறாள். அவன் முகம் மலர்கிறது. “அடிச்சிருச்சா? அப்ப கரண்டு இருக்குது! ஒயரு தோலு வெடிச்சு உன் கைக்குப் போவுது, பிளக்குக்குப் போவல.” “நான் துள்றேன், உங்களுக்குச் சிரிப்பா இருக்குதா?” சைக்கிள் டியூப் துண்டை ஒயரில் இறுக்கிச் சுற்றுகிறான். பிளக்கை மாட்டி உதைத்ததும் வண்டி இருமி இருமிப் பிறகு ஒரே சீராகப் படபடக்கிறது. “ஏறு, ஏறு, நின்னுரப் போவுது!” குதித்து உட்கார்ந்தவளின் கை அவன் தோளுக்குப் போய்ப் பாதியில் நிற்கிறது. “உங்களத் தொட்டாலும் அடிக்குமாங்க?” “நீ உளுந்துட்டா மீனை யாரு குடுக்கறது? புடி புள்ள!” ஒற்றை விரலால் அவன் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். வண்டி வளைவில் மறைகிறது. சத்தம் எங்காவது அறுபடுகிறதா என்று கேட்டபடி, கூடையைத் தூக்காமல் நிற்கிறேன்.