சுருட்டாத தூண்டில்

"யோவ் டெல்மர்! தூண்டிலைச் சுருட்டுய்யா! கண்ணு அவிஞ்சு போச்சா?"

ஹாஸ்கல் போட்ட கூச்சல் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அமெரிக்காவின் ஹேட்டராஸ் கடற்கரையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் தூண்டிலில் பெரிய மீன் மாட்டினால், அக்கம்பக்கத்தில் நிற்பவர்கள் தங்கள் தூண்டில் நரம்பை ரீலில் சுருட்டிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். நரம்போடு நரம்பு சிக்கினால் மீன் போய்விடும். இது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று மாட்டியிருந்தது வெர்னனுக்கு. கரையில் நின்ற மற்ற பத்துப் பேரும் மளமளவென்று சுருட்டிவிட்டார்கள். டெல்மர் மட்டும் அசையவில்லை.

எர்லீன் டெல்மரை முறைத்தாள். வெர்னன் அவள் கணவன். மே மாதம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தை நாய்க்கு எறிந்துவிட்டு, ஐந்து மாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஒத்தைக் கையனுக்கு எதுக்குத் தூண்டில்? எல்லாத்தையும் ஹாஸ்கல்கிட்ட குடுத்துடலாம்" என்று சொல்லித்தான் வெர்னன் இன்றைக்குக் கிளம்பியதே. கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்று, ஒரு தூண்டில் கழியை மட்டும் மணலில் நட்ட குழாயில் செருகி வைத்திருந்தான்.

அதைத்தான் ஏதோ ஒன்று வெடுக்கென்று இழுத்தது. வெர்னன் நாற்காலியை உதைத்துத் தள்ளி எழுந்து, கழியைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினான். அவன் ஓடி எர்லீன் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"விடாதே வெர்னன்! விட்டுடாதே!"

மீன் இழுத்தது. நின்றது. திடீரென்று தெற்கே ஓடியது. எர்லீன் திரும்பிப் பார்த்தால், டெல்மரும் கழியும் கையுமாகத் தெற்கே நடந்துகொண்டிருந்தான்! மீன் வடக்கே திரும்பியது. டெல்மரும் திரும்பினான்.

என்ன மனுஷன் இவன்? அடுத்தவன் மீனுக்குப் பின்னால் எதற்கு அலைகிறான்? எர்லீனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விறுவிறுவென்று அவனிடம் போனாள்.

"டெல்மர், உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? அவர் கடைசியாப் பிடிக்கிற மீன் அது. சுருட்டினா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"எனக்கும் ஏதோ மாட்டியிருக்கு, எர்லீன் அம்மா."

"பொய்! வாய் கூசாமப் பொய் சொல்றீங்க!"

டெல்மர் இரண்டடி பின்னால் போய்க் கழியை நிமிர்த்தினான். அங்கே வெர்னன், "அம்மாடி, என்ன இழுப்பு!" என்று அலறினான்.

இருபது நிமிடம் இப்படியே போனது. ஹாஸ்கலுக்குப் பொறுமை போய்விட்டது.

"இரு, உன் தூண்டிலை நானே சுருட்டுறேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு டெல்மரை நோக்கி வந்தான். டெல்மர் சட்டென்று எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினான்.

அதே நொடியில் வெர்னனின் நரம்பு தொய்ந்தது. மீன் போய்விட்டது.

"பார்த்தியா? உன்னாலதான்!" ஹாஸ்கல் கத்தினான். "உன் நரம்பு உரசித்தான் போச்சு. நாளையிலேர்ந்து இந்தக் கரைப் பக்கம் உன் மூஞ்சியக் காட்டாதே!"

"தப்பு என்னோடதுதான்" என்றான் டெல்மர். தலையைக் குனிந்தபடி தன் பிக்கப் வண்டியை நோக்கி நடந்தான்.

வெர்னன் அழுவான் என்று பயந்தாள் எர்லீன். அவனோ கழியை அவளிடம் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் சிவக்க நாற்காலியில் விழுந்தான்.

"ஐம்பது பவுண்டுக்குக் குறையாது ஹாஸ்கல்! என்ன மீனா இருக்கும்? சுறாவா?"

"சுறான்னா நரம்பைக் கடிச்சிருக்கும். திருக்கையா இருக்கும்."

"திருக்கை இப்படி அங்கேயும் இங்கேயும் ஓடாதுப்பா. வேற என்னவோ! நாளைக்கு வந்து பிடிச்சுக் காட்டுறேன். கழியெல்லாம் உனக்கு இல்ல, போ!"

எர்லீன் நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டே மிச்ச நரம்பைச் சுருட்டினாள். முள்ளில் பாசிக் கொத்து ஒன்று சிக்கி வந்தது. உதறப் போனவள் நின்றாள். பாசிக்குள் இன்னொரு முள், இன்னொரு ஈயக்குண்டு. அதிலிருந்து ஆரஞ்சு நிற நரம்பு ஒன்று நீண்டுகொண்டே வந்தது. வெர்னனின் நரம்பு வெள்ளை.

முனை வந்தது. அறுந்த முனை இல்லை. கத்தியால் நறுக்கென்று வெட்டிய முனை.

நரம்பைக் கைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டு பிக்கப்புக்கு ஓடினாள்.

"டெல்மர், இது உங்களோடது."

டெல்மர் வெர்னன் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "மெதுவாப் பேசுங்க, எர்லீன் அம்மா."

"அப்ப மீனே இல்லையா? உங்க நரம்பும் அவர் நரம்பும் சிக்கி, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா."

"எப்பத் தெரிஞ்சது?"

"ரெண்டாவது இழுப்புலயே. நான் இழுத்தா அவர் விடுறார், அவர் இழுத்தா நான் விடுறேன். எந்த மீனுக்குங்க இவ்வளவு மரியாதை தெரியும்?"

"அப்பவே வெட்டி விட்டிருக்கலாமே! எதுக்கு இருபது நிமிஷம் இத்தனை பேர்கிட்ட ஏச்சு வாங்கினீங்க?"

"வெட்டத்தான் கத்திய எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தா, மனுஷன் இடது கையால ரீலைச் சுத்திக்கிட்டிருந்தார்."