கதவு எங்களுது

மேல் கீலைக் கழற்றியதும் கதவு அவள் தோளில் சாய்ந்தது.

கீழேயிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். இப்போது யோசித்து என்ன?

தோளாலேயே முட்டுக்கொடுத்துக் குனிந்தாள். கீழ்க் கீலில் திருப்புளியை வைத்து அழுத்தினாள்.

நிலைச்சட்டம் எஸ்டேட்டுடையது. சுவர், கூரைத் தகரம், தரை, அடுப்பு மேடை எல்லாம் எஸ்டேட்டுடையது.

கதவு அவளுடையது.

பழைய கதவு மழையில் ஊறி உதிர்ந்தபோது ஆபீசில் போய்ச் சொன்னாள். பார்க்கலாம் என்றார்கள். அடுத்த மழைக்கும் போய்ச் சொன்னாள். அப்போதும் பார்க்கலாம்தான். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுப் படுத்தாள். அந்தச் சாக்கை விலக்கிக்கொண்டு சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப் போனது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பொள்ளாச்சியில் இடித்த வீட்டுக் கதவு ஒன்றை விலை பேசி, பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தாள். மலை வளைவு ஒவ்வொன்றிலும் தலைக்கு மேல் அது இழுபடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இந்த மாதத்தோடு அவளுக்கு வேலை வயது முடிகிறது. கொழுந்து பறிக்கிற வேலை போனால் எஸ்டேட் கொடுத்த இந்த லைன் வீட்டையும் விட வேண்டும். பிள்ளை யாராவது எஸ்டேட் வேலைக்கு வந்தால் விட வேண்டியதில்லை.

அவளுக்கு ஒரே மகள். சுகிர்தா. நர்ஸ் படிப்பு முடித்து வந்திருக்கிறாள்.

இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒன்று கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. தீக்காய வார்டு. மகள் தானே கேட்டு வாங்கியது.

இன்னொன்று எஸ்டேட் டிஸ்பென்சரி. கேட்காமலே வந்தது.

ஏன் வந்தது என்பதை மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

"நீ லைன்ல பொறந்த பொண்ணு. எவளுக்கு நெசக் காய்ச்சல், எவ நடிக்கிறான்னு உனக்குத் தெரியாததா?"

அவளுக்கு வந்த காய்ச்சல் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வெள்ளை மாத்திரை. முழுங்கிட்டுத் தேயிலைக் காட்டுக்குப் போ. பனியில் நனைந்த செடிக்கு நடுவே, பல் கிட்டிக்க நின்று பறித்தது.

அந்த மாத்திரையை இனி மகள் கொடுக்க வேண்டும். காட்டுக்குப் போ என்று மகள் சொல்ல வேண்டும்.

நேற்றுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மகள் சொன்னாள். டிஸ்பென்சரிக்கே போறேம்மா. உனக்கு வீடு நிக்கும்ல.

அவள் மகளுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

காலையில் மகள் குழாயடிக்குப் போனதும் திருப்புளியை எடுத்தாள்.

இறக்கத்தில் செருப்புச் சத்தம். பெரிய கிளார்க்கு. மகளிடம் கையெழுத்து வாங்கக் கையில் தாளோடு வந்திருந்தார்.

"ஏம்மா, என்ன பண்றே?"

"பாத்தாத் தெரியல?"

"உம் மக சேந்துட்டா வீடு உனக்குத்தான். அதுக்குள்ள கதவ எதுக்குக் கழட்டுறே?"

"கதவு எங்களுது சார்."

"கதவ வெச்சுக்கிட்டு வீட்டுக்கு எங்க போவே?"

"கதவு இருக்கு. வீடு பாத்துக்குறோம்."

பக்கத்து வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ராக்கு வாய்விட்டுச் சிரித்தாள்.

"சார், அடுத்து குடிவர்றவங்களுக்கு நல்ல சாக்கா ஒண்ணு எடுத்து வைங்க!"

கிளார்க்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடைசி ஸ்குரூ நகரமாட்டேன் என்றது. துரு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவள் விரல் மடங்கினால் நிமிராது. நிமிர்ந்தால் மடங்காது. திருப்புளி வழுக்கி வழுக்கி வெளியே வந்தது.

"வராதும்மா. விட்டுரு," என்றார் கிளார்க்கு.

மகள் குடத்தோடு வந்து நின்றாள்.

சாய்ந்த கதவைப் பார்த்தாள். அதற்கடியில் தாயைப் பார்த்தாள். கிளார்க்கின் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"வா சுகிர்தா. நீயாச்சும் உங்கம்மாவுக்குச் சொல்லு. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தில் நேற்றுச் சொன்னதே இருந்துவிட்டால், கை தளர்ந்துவிடும்.

குடம் இறங்குகிற சத்தம்.

மகள் அவளைத் தாண்டி உள்ளே போனாள். தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தாள். பக்கத்தில் குந்தி, துருப்பிடித்த ஸ்குரூவின் தலையில் சொட்டு விட்டாள். ஒன்று. நின்று, இன்னொன்று. குழந்தைக் கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி, சிந்தாமல்.

"கொஞ்சம் ஊறட்டும்மா. அவசரப்படாத."

தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருப்புளியை வாங்கிக்கொண்டாள்.

கிளார்க்கு தொண்டையைச் செருமினார்.

"அப்ப டிஸ்பென்சரி?"

"சார், இந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க. அம்மாவுக்குத் தோள் வலிக்கும்."

அவர் தாளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தார்.

அவள் தோளை மெல்ல உருவிக்கொண்டாள்.

கனம் முழுவதும் இப்போது அவர் கையில்.

விட்டால் அவர் காலில்தான் விழும்.