செவ்வாய்க்கிழமைச் சால்மன்

நார்வேயின் லோஃபோடன் தீவுகளில் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி. ஜன்னலுக்கு வெளியே கடல் நீலமாக இருட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே என் கணவன் ஐவின் கொத்தமல்லி விதையையும் சோம்பையும் மிளகையும் கொரகொரப்பாக இடித்து, சால்மன் துண்டுகளின் மேல் அப்பி, கொதிக்கும் வெண்ணெயில் கவிழ்க்கிறான். சுர்ரென்று எழும் ஆவியில் ஜன்னல் கண்ணாடி வியர்க்கிறது. மீன்பிடித்தே நரைத்த என் அப்பா மேசையில் முள்கரண்டியைச் செங்குத்தாகப் பிடித்தபடி காத்திருக்கிறார். "மீனு கெட்டுப்போச்சா மாப்ள? எதுக்கு இம்புட்டு மூடி மறைக்கிற?" "கெட்ட மீன உங்களுக்கு வச்சா உங்க பொண்ணு என்னய உயிரோட விடுவாளா மாமா?" அப்பாவுக்கு மீனென்றால் உப்பும் வெண்ணெயும்தான். கல்யாணமான நாளிலிருந்து ஐவின் எதைச் சமைத்தாலும், "சாப்பிடலாம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. இன்று அதுவும் வரவில்லை. மொறுமொறுத்த மேலோடு அவர் பல்லில் நொறுங்குவது மட்டும் கேட்கிறது. பாத்திரத்தில் ஒரு துண்டு மிஞ்சுகிறது. நார்வேக்காரர் யாரும் கடைசித் துண்டை எடுக்கமாட்டார்கள். ஆசைப்பட்டவர் அதில் பாதியை வெட்டிக்கொள்வார், அடுத்தவர் மீதியில் பாதியை, கடைசியில் நகத்தளவு மீன் குப்பைக்குப் போகும். நான் மரியாதையாகக் கத்தியை எடுக்கிறேன். "கைய எடு, சிக்ரிட்." அப்பா முழுத் துண்டையும் குத்தித் தன் தட்டுக்கு இழுக்கிறார், தோலோடு. ஐவின் அவர் முதுகுக்குப் பின்னால் கரண்டியை வெற்றிக் கொடிபோல் உயர்த்திப் பிடிக்கிறான். "எப்படி இருக்கு மாமா?" வாய் நிறைய மீனோடு அப்பா சொல்கிறார்: "சாப்பிடலாம்."